மேட்டூர் லெவலும் கடமடைத் தண்ணியும்

காலைல 6.30க்கு லேப் ஷட்டரத் தூக்கும்போதே வாசப்படில நாலஞ்சு பேரு உக்காந்திருப்பாங்க, எல்லாம் வெறும் வயித்துல ரத்தம் குடுக்க வந்தவங்க, அதுல ரெண்டு பேராச்சும் "டீ மட்டுந்தாம்மா குடிச்சேன், வேற எதுவும் சாப்புடல"ன்னு சொல்லுவாங்க. அவங்கள திட்டி நாளைக்கு வரச் சொல்லி, மிச்சப் பேருக்கு ஊசி போட்டு, டியூப்ல பேரு எழுதி, சென்ட்ரிபியூஜ்ல போட்டு சுத்த விட்டா அன்னைக்குப் பொழுது ஆரம்பிச்சிரும். மன்னார்குடிப் பக்கம் இதே வேலைய 22 வருஷமா பாக்குறேன். நான் வந்த புதுசுல தைராய்டு டெஸ்ட்டெல்லாம் கையாலதான், குழித்தட்டுல ஊத்தி, கழுவி, கலர் வருதான்னு பாத்து எடுக்கணும், சாம்பிள் சேந்தாதான் கட்டுபடியாகும்னு வாரத்துக்கு ரெண்டு நாள்தான் போடுவோம். இப்ப மெஷின். டியூப்ப வச்சுட்டு இட்லி சாப்புட்டு வந்தா நம்பர் வந்து நிக்குது.

அந்த நம்பரப் பத்திதான் சொல்ல வர்றேன்.

எங்க ஊருப் பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் சிங்கப்பூர்லயோ துபாய்லயோ இருப்பாங்க, இங்க அம்மா அப்பா மட்டும் தனியா. அங்கேருந்து போன் வரும், "அக்கா, அம்மாவுக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்துருங்க, ரிப்போர்ட்ட வாட்ஸப்ல போட்டுருங்க, முன்ன மாதிரி சாப்புட மாட்டேங்குறாங்க, சொன்னதையே திரும்பத் திரும்ப சொல்றாங்க". எடுப்போம். சுகர், தைராய்டு, உப்பு, பி12 எல்லாம். எதுவும் தடிச்ச எழுத்துல வரலைன்னா நானே போன் போட்டு "எல்லாம் நார்மல்தாங்க, பயப்படாதீங்க"ன்னு சொல்லிருவேன். இந்த வார்த்தைய எத்தனை ஆயிரம் தடவ சொல்லிருப்பேன்னு கணக்கு இல்ல. அந்தப் பக்கம் நிம்மதியா போன வச்சுருவாங்க, அந்தம்மா வாசப்படில உக்காந்து சாப்புட்டமா சாப்புடலையான்னு யோசிச்சுக்கிட்டே இருக்கும்.

எனக்கு உறைச்சது எங்கப்பா விஷயத்துலதான்.

அப்பா லஸ்கரா இருந்து ரிட்டயர் ஆனவரு. வெளியூர்க்காரங்களுக்கு லஸ்கர்னா தெரியாது, பொதுப்பணித்துறைல ஆத்துத் தலைப்புலயும் வாய்க்கால் தலைப்புலயும் ஷட்டர் ஏத்தி எறக்குற ஆளு. கல்லணைல பிரிஞ்சு வர்ற வெண்ணாறு நீடாமங்கலத்துக்கிட்ட மறுபடி வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறுன்னு மூணா பிரியும், அந்த எடத்துக்குப் பேரே மூணாறு தலைப்பு. அதுல பாமணியாத்துக் கரைல பிரியிற ஒரு வாய்க்கால்தான் அப்பாவோடது. எந்தப் பக்கம் எத்தனை நாள், எத்தனை இஞ்ச் தூக்கணும்னு ஆர்டர் வரும், அதுபடி விடணும். ராத்திரி யாராச்சும் வந்து கள்ளத்தனமா தூக்கிட்டுப் போயிருவாங்க, அதுக்காக கரைலயே படுத்துக் கெடப்பாரு. வீட்ல ரேடியோவுல மேட்டூர் அணை நீர்மட்டம் சொல்லும்போது யாரும் பேசக் கூடாது. 120 அடி நிரம்பிடுச்சுன்னு சொன்னா ஊரே சந்தோஷப்படும், அப்பா மட்டும் "மேட்டூர்ல இருந்தா மேட்டூருக்கு, நம்ம மடைக்கு வந்து சேரட்டும் பாப்பம்"னு துண்ட ஒதறிட்டு எந்திரிப்பாரு. ஜூன் 12 மேட்டூர தொறந்தா கல்லணைக்கு வரவே மூணு நாலு நாளு, கடமடைக்கு, அதான் வாய்க்காலோட கடைசி மடைக்கு, வர்றதுக்குள்ள நாத்து காஞ்ச வருஷமெல்லாம் உண்டு. அணைல தண்ணி இருந்துச்சு, அதுவும் நெசம். வயக்காடு வெடிச்சுக் கெடந்துச்சு, அதுவும் நெசம்.

அந்த மனுசன் 81 வயசுல ஒரு மாதிரி மந்தமாயிட்டாரு. தட்டுல வச்ச சோத்த அளைஞ்சுக்கிட்டே உக்காந்திருப்பாரு, "பசி தெரியல பாப்பா"ம்பாரு. (எனக்கு 46, இன்னமும் பாப்பாதான்.) பகல்ல தூங்குவாரு. நானே ரத்தம் எடுத்து நானே போட்டேன். டிஎஸ்ஹெச் 7.1, டி4 நார்மல். (டி4 தைராய்டு சுரக்குற ஹார்மோன், டிஎஸ்ஹெச் அதச் சுரக்கச் சொல்லி மூளைக்கு அடியிலேருந்து வர்ற ஹார்மோன், தைராய்டு கம்மியானா இது கூடும்.) எங்க ரிப்போர்ட்ல 4.5க்கு மேல போனா தடிச்ச எழுத்து. ஆஹா புடிச்சுட்டேன்னு எனக்கு ஒரே சந்தோஷம், தைராய்டு கம்மி, அதான் சோர்வு, மாத்திர போட்டா எந்திரிச்சு உக்காந்துருவாருன்னு. தெரிஞ்ச டாக்டர்ட்ட போயி எழுதச் சொன்னேன். அவரு பாப்போம்னு தயங்குனாரு, நான்தான் வற்புறுத்துனேன், 25 மைக்ரோகிராம்ல ஆரம்பிச்சு, ஆள் தெளியலையேன்னு 50, அப்பறம் 75. நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், ராத்திரி பூரா தூக்கமில்ல, நாலு கிலோ எறங்கிட்டாரு. திரும்ப போட்டுப் பாத்தா டிஎஸ்ஹெச் 0.05. இதயத்துடிப்பு தாறுமாறா ஆகி ஆஸ்பத்திரில மூணு நாள் வச்சிருந்தோம். இருக்குற தலைப்ப எல்லாம் அகலத் தொறந்து விட்டு பாதிக் கரைய நானே ஒடச்சுட்டேன்.

ஆஸ்பத்திரில இருந்த சின்ன வயசு டாக்டரம்மா கோவப்படல. "வயசாக ஆக டிஎஸ்ஹெச் தானாவே கொஞ்சம் கூடுங்க, 80 தாண்டுனவருக்கு 7ங்கறது பல பேருக்கு இயல்பு, உங்க பேப்பர்ல போட்டிருக்கற எல்லை எளவட்டத்துக்கும் சேத்துப் போட்டது"ன்னாங்க. 2017ல 65 வயசுக்கு மேல 737 பேர வச்சு ஐரோப்பாவுல பாத்துருக்காங்க, இந்த மாதிரி லேசா டிஎஸ்ஹெச் கூடுனவங்களுக்கு மாத்திர குடுத்தும் சோர்வு ஒண்ணும் மாறலைன்னும் சொன்னாங்க. 22 வருஷம் இந்த டெஸ்ட்ட போட்டவ நான். எனக்கு இது தெரியல. எல்லைக்கோட்ட நான் அச்சடிச்சுக் குடுத்துக்கிட்டு மட்டும் இருந்திருக்கேன்.

அதுக்கப்பறம்தான் உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன், லேப்ல மத்தியானம் கூட்டம் இருக்காது, போன்லயே படிப்பேன், புரியாதத அந்த டாக்டரம்மாட்ட கேப்பேன். என்ன புரிஞ்சதுன்னா, நான் அளக்குறது ரத்தத்துல இருக்குற அளவு. பசி, தூக்கம், ஞாபகம், சுறுசுறுப்பு இதையெல்லாம் முடிவு பண்றது மூளை. ரத்தத்துல இருக்குறது எல்லாம் மூளைக்குள்ள போகாது. நடுவுல ஒரு கரை இருக்கு, டாக்டருங்க ரத்த-மூளைத் தடுப்புன்னு சொல்றது.

இத மொதல்ல பாத்தவரு பால் எர்லிக்னு ஜெர்மன்காரரு, 1885ல. மிருகங்களோட ரத்தத்துல சாயத்த ஏத்தி விட்டா ஒடம்பு பூரா கலர் ஏறுது, மூளை மட்டும் வெள்ளையாவே இருக்கு. அவரு என்ன நெனைச்சாருன்னா மூளைக்கு அந்த சாயம் ஒட்டாது போலன்னு. 1913ல அவரோட சிஷ்யரு கோல்ட்மேன் அதே மாதிரி சாயத்த நேரா மூளையச் சுத்தி இருக்குற தண்ணில விட்டாரு, மூளை கலர் ஏறிடுச்சு, ஒடம்புக்கு வரல. அப்ப சாயம் நல்லாவே ஒட்டும், நடுவுலதான் ஏதோ தடுக்குது. நோபல் வாங்குன ஆளே ஒரு ரிசல்ட்ட தப்பா படிச்சிருக்காருன்னு தெரிஞ்சப்ப எனக்கு கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு, உண்மையத்தான் சொல்றேன். 1967லதான் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல வச்சு அந்தக் கரை எதுன்னு கண்ணால பாத்தாங்க, மூளைக்குள்ள போற நுண்ணிய ரத்தக்குழாயோட செவுரு செல்லுங்களே ஒண்ணோட ஒண்ணு இறுக்கமா தைச்ச மாதிரி இருக்கு, எடைவெளியே இல்ல.

கார்ட்டிசால், ஈஸ்ட்ரோஜன் மாதிரி கொழுப்புல கரையற ஹார்மோன் அந்தச் செவுர ஊடுருவிப் போயிரும். இன்சுலின், லெப்டின், தைராய்டு ஹார்மோனெல்லாம் அப்படிப் போக முடியாது, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி மதகு. இன்சுலினுக்கு ஒண்ணு, லெப்டினுக்கு ஒண்ணு, தைராய்டுக்கு எம்சிடி8னு ஒரு புரதம். இந்தத் தைராய்டு மதகு பொறவிலயே கோளாறா இருக்குற ஆம்பளப் புள்ளைங்க உண்டு, அந்த மாதிரி ஒரு குடும்பத்தப் பத்தி 1944லயே எழுதியிருக்காங்க, காரணம் இந்த மதகுதான்னு 2004லதான் கண்டுபுடிச்சாங்க. அந்தப் புள்ளைங்களுக்கு ரத்தத்துல டி3ங்கற தைராய்டு ஹார்மோன் நெறைய இருக்கும், ஒடம்பு அதுல தவிக்கும், நெஞ்சு படபடக்கும், எடை ஏறாது. மூளை மட்டும் தைராய்டே இல்லாம காஞ்சு கெடக்கும், தல நிக்காது, பேச்சு வராது. அதப் படிச்சப்ப ரொம்ப நேரம் போனக் கீழ வச்சுட்டு உக்காந்திருந்தேன். ரிப்போர்ட்ல "டி3 கூட"ன்னு வரும், மூளைக்கு அது ஒரு சொட்டு இல்ல. மேட்டூர் நிரம்பி வழியுது, கடமடை வெடிச்சுக் கெடக்கு, எங்கப்பா சொன்னது அப்படியே.

அது பொறவிக்கோளாறு, அபூர்வம். வயசானா எல்லாருக்கும் என்ன ஆகுதுங்கறதுதான் எனக்கு வேண்டியிருந்துச்சு.

லெப்டின்னு ஒரு ஹார்மோன், 1994ல கண்டுபுடிச்சது, கொழுப்பு செல்லுல இருந்து வரும், வயிறு நெறைஞ்சிருக்கு போதும்னு மூளைக்குச் சொல்ற சேதி. குண்டானவங்க ரத்தத்துல அது நெறைய இருக்கும், ஆனா மூளைத் தண்ணில அந்த அளவுக்கு ஏறாது, சேதி போய்ச் சேரல. எதுனாலன்னு பாத்தா, ரத்தத்துல ட்ரைகிளிசரைடு கூடுனா லெப்டின் மதகு அடைபடுதுன்னு எலில காட்டியிருக்காங்க. இதுல எனக்கு ஒரு படம் உடனே வந்துச்சு. சென்ட்ரிபியூஜ் நின்னு டியூப்ப எடுத்தா கீழ செவப்பு உக்காந்து மேல சீரம் நிக்கும், நல்லா இருந்தா எளமஞ்சளா, தெளிஞ்ச நல்லெண்ணெய் மாதிரி இருக்கும். சில பேருக்கு வெள்ளை வெளேர்னு நிக்கும், மோர ஊத்தி வச்ச மாதிரி. கல்யாண சீசன்ல, தீவாளி முடிஞ்ச வாரத்துல அது ரொம்ப. மெஷினே திணறும், மறுபடி எடுக்கணும்னு நாங்க சலிச்சுக்குவோம். அந்த மோருத் தண்ணி மெஷின மட்டும் இல்ல, மதகையும்தான் அடைக்குது, ஆகாயத்தாமர வந்து ஷட்டர்ல அடைஞ்ச மாதிரின்னு இப்ப தோணுது. வயசான எலிக்கு லெப்டின் குடுத்தாலும் எளசுங்க மாதிரி அது கேக்க மாட்டேங்குதுன்னு தனியா பாத்துருக்காங்க.

இன்சுலினும் அதே கததான். ரத்தத்துல இருக்குற அளவோட மூளைத் தண்ணில இருக்குற அளவ வச்சுப் பாத்தா வயசாக ஆக அந்த விகிதம் கொறையுதுன்னு மனுசங்ககிட்டயே பாத்திருக்காங்க. சுகரு நாம நெனைக்கிறது காலு, கண்ணு, கிட்னின்னு. மூளைக்கும் இன்சுலின் வேண்டியிருக்கு, ஞாபகத்துக்கு, பசிய அடக்கறதுக்கு. சுகர் பேஷண்ட்டுக்கு நாங்க ஒரு தடவ கூட அதச் சொன்னதில்ல.

ரொம்ப நாளா எல்லாரும் வயசானா இந்தக் கரை ஓட்டையாகும்னு மட்டும் சொல்லிக்கிட்டு இருந்தாங்க, அதுவும் நெசந்தான், ஞாபகம் சேத்து வைக்கிற எடமான ஹிப்போகாம்பஸ்ல மொதல்ல கசிய ஆரம்பிக்குதுன்னு 2015ல எம்ஆர்ஐ வச்சு காட்டுனாங்க. ஆனா 2020ல ஸ்டான்ஃபோர்டுல சுண்டெலிய வச்சுப் பண்ணுன ஒரு வேலைதான் எனக்கு உண்மைல புடிபட்டுச்சு. எளசு எலியோட மூளைக்குள்ள ரத்தத்துலேருந்து புரதம் நாம நெனைச்சதவிட நெறையவே போகுதாம், ஆனா எல்லாம் மதகு வழியா, ஆள் பாத்து, சரியான சீட்டு இருந்தா மட்டும். வயசான எலில அந்த ஆள் பாத்து விடுற போக்குவரத்து கொறைஞ்சுருது. அதுக்குப் பதிலா குழாய்ச் செவுத்துச் செல்லு குட்டிக் குட்டி குமிழியா எத வேணும்னாலும் அள்ளி அந்தப் பக்கம் விடுது, வேண்டியது வேண்டாதது தெரியாம. குழாயச் சுத்தி நின்னு காவல் காக்குற பெரிசைட்னு ஒரு செல்லு கொறைஞ்சு போறதும் அதோட சேந்து நடக்குது.

அத அப்பாட்ட சொன்னேன். அன்னைக்குக் கொஞ்சம் தெளிவா இருந்தாரு, திண்ணைல உக்காந்திருந்தாரு. எலி, குமிழின்னெல்லாம் சொல்லல, மதகு துருப்புடிச்சுப் போச்சு, தண்ணி மதகு வழியா வரல, வேற எங்கேருந்தோ கசியுதுன்னு சொன்னேன். அவரு உடனே, "நண்டு வளை"ன்னாரு. வரப்புல நண்டு வளை போட்டுரும், மேல பாத்தா தெரியாது, மேல் வயல்ல தண்ணி நிக்காது, கீழ் வயல்ல கேக்காத எடத்துல ஊறும், நாத்து அழுகிரும். ராத்திரில லாந்தர் எடுத்துக்கிட்டு காலால தடவித் தடவித்தான் கண்டுபுடிக்கணும், காலுல ஒரு எடத்துல சில்லுனு இழுக்கும், அங்க களிமண்ண வச்சு மிதிக்கணும். எனக்கு எட்டு வயசுல அவருகூட போயி நானே மிதிச்சிருக்கேன். "மதகு ஒழுங்கா ஓடுற வரைக்கும் நண்டு வளை பெருசாத் தெரியாது பாப்பா"ன்னாரு. அதோட தூங்கிட்டாரு.

மூளைத் தண்ணிய நான் கையில புடிச்சது கம்மி. இங்க வர்றதுக்கு முன்னாடி தஞ்சாவூர்ல ஒரு ஆஸ்பத்திரி லேப்ல ரெண்டு வருஷம் இருந்தப்ப அத முதுகுத்தண்டுலேருந்து ஊசியால எடுத்து சின்ன டியூப்ல அனுப்புவாங்க, ஒடனே பாக்கணும், வச்சிருந்தா செல்லு கரைஞ்சுரும், அதனால டாக்டருங்க போன் மேல போன் போடுவாங்க. கைல எடுத்தா பச்சத் தண்ணி, டியூப்ப சாச்சாதான் உள்ள ஏதோ இருக்குன்னே தெரியும். ஒடம்புல மொத்தமே 150 மில்லி போலதான், ஆனா ஒரு நாளைக்கு 500 மில்லி ஊறி வடியும், அப்ப மூணு வாட்டிக்குக் கொறையாம மாறுது. வயசானா ஊறுற எடமே மெலிஞ்சு, ஊறுறதும் கொறையும். அந்த லேப்ல இருந்த பெரிய மேடம் எனக்கு ஒண்ணு சொல்லிக் குடுத்தாங்க, இத எடுக்கற அன்னைக்கே ரத்தமும் எடுத்து ரெண்டுலயும் அல்புமின்ங்கற ரத்தப் புரதத்தப் பாக்கணும், ரெண்டையும் பக்கத்துல வச்சாதான் கரை எப்படி இருக்குன்னு தெரியும்னு. நல்ல கரையா இருந்தா ரத்தத்துல இருக்குறதுல 200ல ஒரு பங்கு போலதான் அந்தப் பக்கம் இருக்கும், வயசாக ஆக அது கூடும். அந்த வயசுல அத பரிச்சைக்குப் படிச்ச மாதிரி படிச்சு விட்டுட்டேன். ஒரு கரைக்கு ரெண்டு பக்கமும் அளக்கணும்னு லஸ்கர் மகளுக்கு சொல்லித் தெரியணுமா, ஆனா தெரியல பாருங்க.

அதுக்காக பசியில்லாத பாட்டிக்கெல்லாம் முதுகுல ஊசி போட முடியாது, போடவும் கூடாது. எங்க லேப்ல லெப்டின் கூட பாக்குறது கெடையாது. அப்பறம் எல்லாத்துக்கும் இந்தக் கரைய காரணம் சொல்றதும் தப்பு. தாகம் தெரியாம போறது வேற கத, தாகத்த உணர்ற எடம் மூளைல கரையே இல்லாத எடம், அங்க ரத்தம் நேரா படும், அப்படியும் வயசானா தாகம் மங்கிப் போகுது. பல்லு இல்லாம சாப்புடாதவங்க இருக்காங்க, மருமக மூஞ்ச தூக்கி வச்சிருக்கான்னு சாப்புடாதவங்க இருக்காங்க. அது எந்த டியூப்லயும் வராது.

ஆனா ஒண்ண மட்டும் நான் கண்டிப்பா இப்ப கேக்குறேன், என்ன மாத்திர போடுறாங்கன்னு. அந்தக் கரைல உள்ள விடற மதகு மாதிரியே வந்தத வெளிய எறைக்கிற மோட்டாரும் உண்டு, வயசானா அதுவும் பலம் கொறையுது. அரிப்புக்கும் சளிக்கும் குடுக்கற பழைய காலத்து அலர்ஜி மாத்திர எவரு மூளைக்குள்ளயும் சுலபமா போகும், அதனாலதான் தூக்கம் வருது. எளவட்டம் தூங்கி எந்திரிச்சுரும். வயசானவங்க ஆளே குழம்பிருவாங்க. போன வருஷம் தலையாமங்கலம் பக்கத்துலேருந்து ஒரு அம்மாவ கூட்டிட்டு வந்தாங்க, ரெண்டு நாளா செத்துப் போன புருஷன கூப்புட்டுக்கிட்டு இருக்காங்க, தைராய்டு பாருங்கன்னு மகன் நிக்கிறாரு. பைய காட்டச் சொன்னேன், அரிப்புக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்குன மாத்திர, மூணு வேள. டாக்டர்ட்ட போயி இதக் காட்டுங்கன்னு மட்டும்தான் சொன்னேன், நிறுத்துன்னு நான் சொல்லல, அப்பாவோட எனக்கு புத்தி வந்துருச்சு. நாலாம் நாள் மகன் வந்து அம்மா தெளிஞ்சுட்டாங்கன்னு சொல்லிட்டு ஒரு பை நிறைய கத்திரிக்கா குடுத்துட்டுப் போனாரு.

சிங்கப்பூர் போனுக்கும் இப்ப வேற மாதிரிதான் பேசுறேன். "ரத்தத்துல கோளாறு இல்லங்க, ஆனா அம்மா சாப்புடலன்னா அது நெசமான விஷயம், ரிப்போர்ட்ட வச்சு அத அழிக்காதீங்க, டாக்டர்ட்ட நேர்ல கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க"ன்னு. பாதிப் பேருக்கு இது புடிக்கல. காசு குடுத்து டெஸ்ட் எடுத்ததே நார்மல்னு ஒரு வார்த்த கேக்கத்தான. லேப் ஓனருக்கும் லேசா கோவம், நீ என்ன டாக்டரான்னு. இல்லதான்.

அப்பாவுக்கு மாத்திரைய கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சு நிறுத்திட்டோம். டிஎஸ்ஹெச் திரும்ப ஆறு, ஏழுன்னு வந்து நிக்குது, நான் அத இப்ப தடிச்ச எழுத்தாப் பாக்குறதில்ல. பசி வந்தா சாப்புடுறதுங்கறத விட்டாச்சு, மணி அடிச்சா சாப்பாடு. 8, 11, 1, 4, 7.30. 11 மணிக்கு ஒரு சொம்பு நீராகாரம், சின்ன வெங்காயம், பக்கத்துலயே உக்காந்து குடிக்க வைக்கணும். முறை வச்சு தண்ணி விடுற மாதிரின்னு சொன்னதும் மனுசன் ஒத்துக்கிட்டாரு, முறைன்னா அவருக்கு அது சட்டம். ரெண்டு கிலோ ஏறியிருக்காரு. ஞாபகம் அப்படியேதான் இருக்கு, சில நாளு என்ன எங்க அத்தைன்னு நெனைச்சுப் பேசுவாரு.

போன வாரம் உப்பு பாக்க அவருக்கு வீட்ல வச்சே ரத்தம் எடுத்தேன். வயசானவங்க நரம்பு வெளிய நல்லா தெரியும், ஆனா ஊசி பட்டா உருண்டு ஓடிரும், கட்டவெரலால கீழ இழுத்துப் புடிச்சுக்கணும். ஒரே குத்துல வந்துருச்சு. பஞ்ச வச்சு, "அமுத்திக்கப்பா"ன்னு சொல்லிட்டு டியூப்போட லேப்புக்குப் போயிட்டேன். கரண்ட் இல்ல, ஜெனரேட்டர் போட்டு, கன்ட்ரோல் ஓட்டி, இன்னும் ரெண்டு பேருக்கு எடுத்துட்டு திரும்பி வர ஒண்ணேகால் மணி நேரம் ஆயிருச்சு. திண்ணைல அதே எடத்துல உக்காந்திருக்காரு, முழங்கைல பஞ்சு, அது மேல வெரலு, அப்படியே அமுத்திக்கிட்டு.

"அப்பா, அப்பவே எடுத்துருக்கலாமே."

"நீ வந்து சொல்லலையே பாப்பா"ன்னாரு.